கடைசி வரிசையிலிருந்து முன்னே வந்த கடம்

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடுவதற்கு மட்டுமல்ல, உட்காருவதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் பாடகர். அவருக்கு ஒரு பக்கம் பிடில், மறுபக்கம் மிருதங்கம். பின்னால், இடம் மிச்சமிருந்தால், கடம். பெயரே 'உபபக்கவாத்தியம்'. பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் இருப்பது என்று பொருள். தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கம் வாசித்து முடித்த பிறகுதான் கடத்துக்கு முறை. நேரமாகி விட்டால், ரசிகர்கள் காப்பி குடிக்க எழுந்து போகும் நேரத்தில், இரண்டு ஆவர்த்தம் தட்டிவிட்டு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். சம்பளத்திலும் அதே வரிசைதான்.

கரமனையிலும் வலியசாலையிலும் கோயில் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் போட்ட ஒரு கச்சேரி, சென்னையிலோ தஞ்சையிலோ அல்ல, அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்தது என்பதுதான் வியப்பு.

1975-ஆம் ஆண்டு ஜூலை 5. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டு என்ற தீவு. அங்குள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஐந்து பேர் கம்பளத்தின் மீது சம்மணமிட்டு அமர்ந்தார்கள். நான்கு பேர் இந்தியர்கள். ஒருவர் இங்கிலாந்துக்காரர். குழுவின் பெயர் 'சக்தி'. அன்று வாசித்ததை அப்படியே ஒலிப்பதிவு செய்து, மறு ஆண்டு இசைத்தட்டாக வெளியிட்டார்கள். ஜாஸ் இசையும் நம் சங்கீதமும் கலந்த கலப்புகளில் இன்றுவரை முதலில் பேசப்படுவது இதுதான்.

யார் அந்த ஐவர்?

கிடார் வாசித்த இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாக்லின். 1942-ல் பிறந்தவர். ஜாஸ் உலகின் பெரும்புள்ளியான மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர். 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயரில் மின்சாரக் கிடாரும் டிரம்ஸும் கொண்டு அரங்கமே அதிரும்படி வாசித்துப் பெரும்புகழும் பணமும் சம்பாதித்தவர். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, மின்சாரம் இல்லாத ஒரு கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிக்கார்டு கம்பெனிக்கு இது பிடித்திருக்காது என்று சொல்லத் தேவையில்லை.

பிடில் எல்.சங்கர், அப்போது வயது 25. தபேலா ஜாகிர் உசேன், அல்லா ரக்காவின் புதல்வர், அவருக்கு வயது 24. மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். கடம் டி.எச்.விநாயக்ராம். ரசிகர்கள் செல்லமாக அழைப்பது 'விக்கு'.

மெக்லாக்லினும் விக்குவும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவர் கிடார் உலகின் முன்வரிசையில் நின்றவர், மற்றவர் கச்சேரி மேடையின் பின்வரிசையில் உட்கார்ந்தவர். விக்குவும் ஒன்றும் சாதாரண ஆள் அல்ல. 1966-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர்தான். (அன்று மிருதங்கம் வாசித்த டி.கே.மூர்த்தி நம் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் என்பதை இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.) அவருடைய தகப்பனார் ஹரிஹர சர்மா சென்னையில் 1958-ல் ஒரு தாளவாத்தியப் பள்ளியைத் தொடங்கியவர். இத்தனை இருந்தும் கடம் கடம்தான், உபபக்கம் உபபக்கம்தான்.

'சக்தி'யில் பாடகர் என்று எவரும் இல்லை. எனவே பக்கவாத்தியம் என்றும் எதுவும் இல்லை. தபேலாவும் கடமும் சரிசமமாக உட்கார்ந்தன. முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் விலகிக்கொள்ள, மிச்சமிருந்த நால்வரில் கடமும் ஒரு முழுப்பங்கு ஆயிற்று. வடக்கத்தித் தபேலாவும் தெற்கத்திக் கடமும் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதைக் கேட்கத்தான் மேல்நாட்டு இளைஞர்கள் கூடினார்கள். கடத்தை உயரே தூக்கிப் போட்டுப் பிடித்து, தாளம் பிசகாமல் மறுபடி தட்டும் விக்குவின் வித்தையைப் பார்த்துக் கைதட்டினார்கள். வித்தை கொஞ்சம் அதிகம்தான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால், ஆயிரக்கணக்கானோர் ஒரு பானையை உற்றுப் பார்த்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய பிடில்

எல்.சங்கரின் கதைக்கும் இதே முடிச்சு உண்டு. அவருடைய தகப்பனார் வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதப் பேராசிரியராக இருந்தவர். பிடில் என்பது பாடகர் போகும் வழியில் பின்னாலேயே போகும் வாத்தியம் அல்ல, அது தனியாக நிற்கும், உலகத்தின் எந்த மேடையிலும் நிற்கும் என்பது அவர் கொள்கை. மூன்று பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிச் சொல்லி வளர்த்தார். 1958-ல் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. குடும்பம் அங்கிருந்ததை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஊர் விட்டு ஊர் வந்து, இருந்ததை இழந்து, பிள்ளைகளின் படிப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வது என்றால் என்ன என்பது பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளும் தகப்பனார் சொல்லைக் காப்பாற்றினார்கள். மூத்தவர் எல்.வைத்தியநாதன் 'ஏழாவது மனிதன்' (1982) படத்துக்கு இசையமைத்தவர். நடுவர் எல்.சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தும் பிடிலையே தொழிலாகக் கொண்டார். பிரெஞ்சு நாட்டு ஜாஸ் பிடில் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து 1984-ல் இசைத்தட்டு வெளியிட்டார். 2025-ல் அவருக்குப் பத்மவிபூஷண் கிடைத்தது. இளையவர் சங்கர் 1969-ல் மேல்படிப்புக்காக அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் போனார். அதே வெஸ்லியனில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்கப் போனவர் மெக்லாக்லின். மிருதங்கம் ராகவனும் அங்கே ஆசிரியர். 'சக்தி'க்கு வித்து விழுந்த இடம் அதுதான்.

எண்ணெயும் தண்ணீருமா?

ஜாஸ் என்பது அமெரிக்காவில், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த இசை. அதன் உயிர் மனோதர்மம். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் அப்படித்தானே? ஆகவே இரண்டையும் சேர்ப்பது சுலபம் என்று தோன்றும். அங்கேதான் பலர் வழுக்கி விழுந்தார்கள்.

ஜாஸ் வாசிப்பவருக்குக் காலடியில் இருப்பது 'கார்டு'. அதாவது பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்வது. அந்தக் கார்டு மாறிக்கொண்டே போகும், வாசிப்பவர் அதன் மேல் நடப்பார். நம் ராகத்துக்கு அந்தத் தரை கிடையாது. தம்புராவின் ஒரே ஆதார சுருதிதான். அதன் மேல் ஒவ்வொரு ஸ்வரமும் கமகத்தோடு அசைந்து நிற்கும். தோடியின் காந்தாரத்தை யாராவது நேராகக் கோடு போட்டதுபோல வாசித்தால் அது தோடியே அல்ல. அசைகிற ஸ்வரத்தின் கீழே அசையாத கார்டை வைத்தால் இரண்டும் உரசும். பியானோவில் கமகம் வராது, கிடாரில் கஷ்டப்பட்டுத்தான் வரும்.

'சக்தி' இதற்குக் கண்ட வழி நேர்மையானது. பியானோ வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், பேஸ் கிடார் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். மெக்லாக்லினுக்காகத் தனியாக ஒரு கிடார் செய்யப்பட்டது. அதன் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, தந்தியை வீணைபோல அழுத்தி வளைக்க வழி செய்தார்கள். குறுக்கே ஏழு தந்திகள், தம்புராவைப்போல் கூடவே ரீங்காரம் செய்ய. தாளத்திலும் அப்படியே. அவர் நம் சொற்கட்டைக் கற்றார், கொன்னக்கோலை வாயால் சொல்லப் பழகினார். 2007-ல் விக்குவின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தையே ஒளிப்பதிவாக வெளியிட்டார் என்றால் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பாருங்கள்! இங்கே நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் 'தகதிமி'க்கு அடுத்தது தெரியும்?

இரண்டு வாத்தியங்களை ஒரே மேடையில் வைத்து, ஒலிபெருக்கியைத் திருகிவிட்டு, 'ஃப்யூஷன்' என்று பெயர் எழுதித் தொங்கவிடுவது வேறு. அது கல்யாண வரவேற்புக்குச் சரி. ஒருவர் மற்றவருடைய இலக்கணத்தை உட்கார்ந்து படிப்பது வேறு. பின்னதுக்குத்தான் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

ஹங்கேரியின் சிம்மேந்திரமத்தியமம்

இந்தக் கலப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவின் நடுவே ஹங்கேரி என்றொரு நாடு. 1900-களின் முதல் பத்தாண்டில் பேலா பார்டோக், சோல்டான் கோடாய் என்ற இரண்டு இசை மேதைகள், மெழுகு உருளையில் குரலைப் பதியும் எடிசன் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். உழவர்களும் ஆயாக்களும் பாடியதைப் பதிவு செய்தார்கள். அந்தப் பழைய பாடல்களில் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களே. அவற்றை நம் பாஷையில் எழுதினால் ஸ க ம ப நி, நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள்! அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாட்டுக்கும் அடிப்படை ஏறக்குறைய இதே ஐந்துதான். அந்த புளூஸ் தான் ஜாஸுக்குத் தாய். எனவே ஹங்கேரியில் பிற்காலத்தில் மிஹாய் டிரெஷ் போன்ற சாக்ஸபோன் கலைஞர்கள் தங்கள் நாட்டுப்பாட்டையும் ஜாஸையும் சேர்த்து வாசித்தபோது, அவை ஒன்றையொன்று முன்பே தெரிந்தவைபோலச் சேர்ந்துகொண்டன.

இன்னொன்று. மேல்நாட்டு இசைப் புத்தகங்களில் 'ஹங்கேரியன் மைனர்' என்று ஒரு ஸ்வர வரிசை உண்டு. அதை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்ப்பவர் திடுக்கிடுவார். அது 57-வது மேளகர்த்தாவான சிம்மேந்திரமத்தியமம். ஹங்கேரியில் அதை நகரங்களில் பரப்பியவர்கள் ரோமா என்ற நாடோடிக் கலைஞர்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து போனவர்கள் என்று மொழி ஆராய்ச்சி சொல்கிறது. அதற்காக, ராகமே இங்கிருந்துதான் போயிற்று என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. ஸ்வரங்கள் ஏழுதான், பல ஊர்க்காரர்கள் ஒரே படிக்கட்டில் ஏறுவதில் அதிசயமில்லை. படிக்கட்டு ஒன்றானாலும் நடை வேறு.

புடாபெஸ்ட் நகரில் 1936-ல் பிறந்த காபோர் சாபோ என்ற கிடார் கலைஞர், 1956-ல் அங்கே புரட்சி வெடித்தபோது நாட்டை விட்டு அமெரிக்கா போனார். ஜாஸ் வாசித்துப் பெயர் வாங்கினார். அவர் 1966-ல் ஒலிப்பதிவு செய்த ஓர் இசைத்தட்டின் பெயர் 'ஜாஸ் ராகா'. சிதாரும் அவரே வாசித்தார். சிதார் வாசிப்பு சுமார்தான் என்பது வேறு விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தையும் புடாபெஸ்டிலிருந்து போனவரையும் கொண்டு சேர்த்த ஊர் ஒன்றே.

அன்னிய வாத்தியமா?

நம் சங்கீதத்தில் வெளிநாட்டுச் சரக்கைக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கேள்வியைத் திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு கேட்பது சற்றுக் கடினம்.

தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர்களில் இளையவர் வடிவேலு. தஞ்சை அரசவையோடு மனத்தாங்கல் ஏற்பட்டு நால்வரும் கிளம்பினார்கள் என்று சொல்வார்கள். வடிவேலு திருவிதாங்கூருக்கு வந்து சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் சேர்ந்தார். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த தமிழர் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் கையில் இருந்தது வெள்ளைக்காரன் வாத்தியம், பிடில். மகாராஜா அதில் மயங்கி, 1834-ல் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்றதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். தீட்சிதரே கோட்டை பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று அவற்றுக்குப் பெயர், எல்லாம் சங்கராபரணம். திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், இன்று சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி என்று அழைக்கப்படும் நிலையத்தின் முதல் தலைவர். அவரே 'இங்கிலீஷ் நோட்டு' என்று ஒன்றை இயற்றினார். மதுரை மணி ஐயர் அதை விசில் சத்தத்துக்கு நடுவே கச்சேரி கச்சேரியாகப் பாடிப் பிரபலமாக்கினார்.

அப்படி வந்த பிடில் இல்லாமல் இன்று கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒரு கச்சேரி நடக்குமா? கைதட்டக்கூடக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள மண்டபம் அது!

சாக்ஸபோனுக்கும் இதே கதை. மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக ராகம் வாசித்தபோது சிரித்தவர்கள் உண்டு. 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டியோடு ஒரே மேடையில் வாசித்தார். 1994-ல் 'டூயட்' படம் வந்ததும் சிரிப்பு நின்றது. எதிர்த்திசையிலும் ஆள் வந்தார். சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் மலேசியாவில் நாகஸ்வரத்தைக் கேட்டுச் சொக்கிப்போய், அதைக் கற்று, ஜாஸ் மேடையிலேயே ஊதினார்.

திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பாலபாஸ்கரை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. 1978-ல் பிறந்தவர். மாமா பி.சசிகுமாரிடம் முறையாகக் கர்நாடகப் பிடில் கற்றார். பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கும்போதே 'கன்ஃப்யூஷன்' என்று ஒரு குழு தொடங்கினார். பெயரிலேயே குறும்பு. அவர் வாசித்ததைச் சுத்தமான ஜாஸ் என்று சொல்ல முடியாது, சினிமாவும் ராக்கும் ராகமும் கலந்தது. ஆனால் சங்கீத சபைப் பக்கமே எட்டிப் பார்க்காத கல்லூரிப் பிள்ளைகளைப் பிடிலுக்குக் கைதட்ட வைத்தவர் அவர். 2018 செப்டம்பர் 25 அதிகாலை திருவனந்தபுரம் பள்ளிப்புறத்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகள் இறந்தாள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2-ல், அவரும் போனார். வயது 40.

மறுபடியும் 'சக்தி'

முதல் 'சக்தி' மூன்று இசைத்தட்டுகளோடு 1978-ல் கலைந்தது. புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. விக்கு சென்னைக்குத் திரும்பி, தகப்பனாரின் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1991-ல் அமெரிக்காவின் மிக்கி ஹார்ட் பல நாட்டுத் தாளக் கலைஞர்களைச் சேர்த்து வெளியிட்ட 'பிளானெட் டிரம்' தட்டில் கடம் அவருடையது. அதற்குக் கிராமி விருது கிடைத்தது. 1997-ல் மெக்லாக்லினும் ஜாகிரும் குழுவை 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கூட்டியபோது கடத்துக்கு அவரே. பிறகு அந்த இடத்துக்கு மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 'வெண்ணிலா கபடி குழு' (2009) படத்துக்கு இசையமைத்தாரே, அவர்தான். மாண்டலின் சீனிவாஸ் சேர்ந்தார். அவர் 2014-ல் 45 வயதிலேயே மறைந்தது பேரிழப்பு. பாடகர் சங்கர் மகாதேவன் பம்பாயில் வளர்ந்தவர், பூர்வீகம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பிடிலுக்குக் கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் கணேஷ்.

இந்த ஐவரும் பொன்விழாவையொட்டி 2023-ல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' தொகுப்பு, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. ஜாகிர் உசேனுக்கு அன்று ஒரே இரவில் மூன்று கிராமி. அதே ஆண்டு டிசம்பர் 15-ல் அவர் அமெரிக்காவில் காலமானார். 1975-ல் கம்பளத்தில் அமர்ந்த ஐவரில் தபேலா ஓய்ந்துவிட்டது.

விக்குவுக்கு மத்திய அரசு 2014-ல் பத்மபூஷண் அளித்தது. அவர் தட்டிய வகைப் பானைகளுக்குப் பேர்போன ஊர் மானாமதுரை. கண்மாய் மண்ணைக் குழைத்து, சக்கரத்தில் வனைந்து, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தட்டு தட்டி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். சூளையிலிருந்து எந்தச் சுருதியில் வருகிறதோ அதுதான் அதன் சுருதி. பிறகு முறுக்கி மாற்றப் பிரடை கிடையாது. ஒரு கடம் விழுந்தால் போயிற்று. அந்த மானாமதுரையில் கடம் தட்டும் மீனாட்சி கேசவன் என்ற அம்மையாருக்கு, வாத்தியம் செய்யும் கலைக்காகச் சங்கீத நாடக அகாடமியின் 2013-ஆம் ஆண்டு விருது கிடைத்தது. கச்சேரி மேடையில் உபபக்கவாத்தியத்துக்கும் பின்னால் அவருக்கென்று ஓர் இடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.